மனவுறுதி இல்லாத எஞ்சின்

மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கும் என் மகள் நேற்றுப் பெருமையாகச் சொன்னாள். "எந்த ஸ்டேஷன எவ்வளவு ஓட்டுனா செலவு குறையும்னு கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுடும்பா. அதுக்குப் பேரு ஆப்டிமைசேஷன்." பேர் தெரியாமலேயே அந்த வேலையைச் செய்து கன்னத்தில் அறை வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் பத்து பகாட் என்ற ஊரின் பவர் ஹவுஸில் நான் எஞ்சின் துடைப்பவன். சுவிட்சுப் பலகை அந்தோணி அண்ணன் கையில். டீசல் தீர்ந்து தேங்காயெண்ணெயில் ஓட்டினோம். ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்று கிடக்க, எங்கள் புகைபோக்கியில் மட்டும் பலகாரம் சுடும் வாசனை!

எஞ்சின்கள் இரண்டு. பெரியது, சுமை பாதியானாலும் முழுப் பசியோடு குடிக்கும். அதனால் பகலில் சின்னது, விளக்கு நேரத்துக்கு மட்டும் பெரியது என்று அண்ணன் வகுத்திருந்தார். எஞ்சின் முனகலைக் கேட்டே சுமை எவ்வளவென்று சொல்லிவிடுவார்.

புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரிக்கு இது சோம்பேறித்தனமாகப் பட்டது. மனவுறுதி இருந்தால் எண்ணெய் எதற்கு என்றார். பெரியதை நாள் முழுக்க ஓட்டச் சொன்னார். எஞ்சினுக்கு ஜப்பான் மொழி தெரியாது. அதன் தொட்டியில் எண்ணெய் தீர்ந்ததும் நின்றுவிட்டது.

மிச்சம், தன் தொட்டியில் கொஞ்சம் எண்ணெய் வைத்திருந்த சின்னது மட்டும். அன்று மாலை அதிகாரிகள் கிளப்பில் விருந்து. ஆஸ்பத்திரியிலிருந்து, டாக்டருக்கு உதவியாளரான டிரெஸ்ஸர் போனில் கத்தினார்:

"அந்தோணி, வயித்த அறுத்துப் புள்ளய எடுக்கப் போறாங்க. லைட்டு மங்குது லா!"

கிளப் லைனைத் தொடவே கூடாதென்பது உத்தரவு. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ரெண்டையும் தாங்காது தம்பி. விருந்த இருட்டுலயும் சாப்பிடலாம். கைக்கு வாய் தெரியும்."

கிளப் சுவிட்சை இழுத்துவிட்டார்.

அதிகாரி பாய்ந்து வந்தார். வீரனான நான், பெரிய எஞ்சினுக்குப் பின்னால் போய் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"மெசின் ரோசாக், துவான்," என்றார் அண்ணன். இயந்திரம் கெட்டுவிட்டதாம், எஜமானே.

எஞ்சினைத் தொட்டே பார்த்திராத துவான் அதை நம்பினார். ஆனால் எஞ்சினுக்கு மனவுறுதி போதாததற்காக அண்ணன் கன்னத்தில் மாறி மாறி அறைந்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் போன் மணி அடித்தது. அண்ணன் எடுத்து இடது காதில் வைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"ஒன்னும் கேக்கல. நீ கேட்டுச் சொல்லு."

காதோரம் ரத்தம் கசிந்திருந்தது. நான் கேட்டு, அவருடைய வலது காதில் கத்தினேன். "தாயும் புள்ளயும் பொழச்சிட்டாங்கண்ணே!"

அண்ணன் தலையாட்டிவிட்டு, கிளப்புக்கு விளக்குப் போட்டார்.

பவர் ஹவுஸ் இருந்த இடத்தில் இன்று கார் நிறுத்துகிறார்கள். எஞ்சின்கள் பழைய இரும்பாகப் போயின. அண்ணனும் போய்விட்டார். பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்க அன்று இருவருக்குமே தோன்றவில்லை. இன்று கேட்க ஆளில்லை.