பக்கத்து இருக்கையில் பிறந்த நாவல்

என் அக்கா நாவலாசிரியை ஆனபோது அவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அதற்குமுன் பார்த்த இரண்டு வேலைகளிலும் அடுத்தவர் பேச்சைக் கேட்டே காலம் போனது.

முதல் வேலை தொலைபேசி நிலையத்தில். அப்பா படுத்த படுக்கையானதும் படிப்பை நிறுத்திவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். தலையில் ஹெட்போன், எதிரே துளைகள் நிறைந்த பலகை, கையில் வயர். சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எங்களுக்குக் கொண்டாட்டம்தான். அன்று காதில் விழுந்த குரல்களையெல்லாம் பேசிக் காட்டுவாள். மூக்கடைத்த வக்கீல், பேச ஒன்றுமில்லாமல் மூச்சு மட்டும் விடும் புது மாப்பிள்ளை என்று ஒருவரையும் விடமாட்டாள். அம்மா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போதும்டி, ஒட்டுக் கேட்கிறது பாவம்" என்பாள்.

"நான் எங்கம்மா ஒட்டுக் கேட்டேன்? அவங்கதான் என் காதுக்குள்ள வந்து பேசுறாங்க!"

உள்ளறையில் படுத்திருந்த அப்பாவுக்கும் கேட்கட்டும் என்றுதான் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசினாள் என்பது எனக்கு ரொம்பப் பிறகுதான் புரிந்தது.

எண்ணைச் சுழற்றினால் தானாகவே இணைப்புக் கிடைக்கும் காலம் வந்தது. நிலையத்தை மூடினார்கள். அப்பா போனார், சில வருடங்களில் அம்மாவும் போனாள். வீட்டில் அக்காவும் நானும்தான். நான் மின்சார அலுவலகத்தில் குமாஸ்தா. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் சேர்ந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் இருந்ததால் 'பிரேக் அக்கா' என்று பெயர் விழுந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்தால் மனிதர்களுக்கு ஏனோ வாய் திறந்துவிடுகிறது. கண் ரோட்டில் இருக்கிறது, கேட்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அப்படித்தான் தையல்கடை நடத்தும் ஓர் அம்மாள், சின்ன வயதில் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தன் தங்கையின் கதையை வகுப்புக்குக் கொஞ்சமாகச் சொல்லி வந்தாள். பல வருடம் கழித்து, சிக்னலில் நின்ற பஸ்ஸின் ஜன்னலில் அந்தத் தங்கையின் முகம் தெரிந்ததாம். பின்னாலேயே ஓடினாளாம்.

"அய்யய்யோ, பிடிச்சீங்களா?" என்றாள் அக்கா.

"அடுத்த கிளாஸ்ல சொல்றேன் டீச்சர், எதிர்ல லாரி வருது!"

அடுத்த வகுப்பே நடக்கவில்லை. டெஸ்டில் பாஸாகிவிட்டாள், வருவதும் நின்றுபோனது.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "போய்க் கேட்டுட்டு வாயேன்" என்றேன்.

"தங்கச்சி கிடைக்கலன்னு அவ அழுதா என்னடா பண்றது? வேணாம். நானே கண்டுபிடிக்கிறேன்."

வகுப்புகளுக்கு நடுவே காரை மர நிழலில் நிறுத்தி, ஸ்டியரிங் மேல் தாளை வைத்து எழுதத் தொடங்கினாள். நாலு பக்கம் எழுதி மூன்றைக் கிழிப்பாள். முடிக்க வருடங்கள் ஆயின. முதலில் என்னிடம்தான் கொடுத்தாள். கதைக்கும் எனக்கும் ரொம்ப தூரம். இருந்தும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தேன். காணாமல்போன தங்கை போய்ச் சேர்ந்த வீட்டில், உள்ளறையில் ஒருவர் படுத்திருந்தார். கூடத்தில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு இருட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் எனக்கு எழுத்து தெரியவில்லை. முகம் கழுவிவிட்டு வந்துதான் தொடர்ந்தேன்.

ஒரு பதிப்பாளர் நாவலை ஏற்றுக்கொண்டார். "இது அவ கதை. கேட்காம போடக்கூடாது" என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். இருவரும் தையல்கடைக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, அதை நம்பிட்டீங்களா? எனக்குத் தங்கச்சியே கிடையாது டீச்சர். கூடப் பிறந்தது எல்லாம் தடிப்பசங்க. வண்டில உட்கார்ந்தா கை உதறும். எதையாவது பேசிக்கிட்டே இருந்தா பயம் தெரியாது, அதான்."

அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் வெட்டிய துணிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மாவைப் போலவே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, "சரி, பஸ் பின்னால ஓடினதுக்கு அப்புறம் என்ன சொல்லலாம்னு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"யாரு யோசிச்சா? அதுக்குள்ள பாஸாயிட்டேனே!"

திரும்பும் வழியெல்லாம் அக்கா கையை வீசி வீசி நடந்தாள். "அப்போ முழுசா என்னுதுதான்டா" என்றாள்.

புத்தகம் வந்தது, ஓரளவு விற்றது. பிறகும் கொஞ்ச காலம் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். வேலையை விட்ட அன்று நான் பள்ளிக்குப் போய் அவளை அழைத்து வந்தேன். இப்போது அகலமாகிவிட்ட எங்கள் தெருவில் அப்போது இரண்டு பேர் சேர்ந்து நடந்தாலே சைக்கிள்காரன் மணியடிப்பான். அவள் முகம் வாடியிருந்தது.

"இனிமே யாருடா எனக்குக் கதை சொல்லுவா?"

"நான் சொல்றேன்."

"உன்கிட்ட என்ன கதை இருக்கு? மின்வெட்டா?"

இருந்தாலும் சொன்னேன். மீட்டர் பார்க்கப் போன இடத்தில் நாய் துரத்தியது, மேலதிகாரியின் விக்கு காற்றில் பறந்தது, நான் கட்டிக்கொள்ள நினைத்து வாய்விட்டுச் சொல்லாமலே விட்ட ஒருத்தி. கடைசியைச் சொன்னபோது அவள் நடையை மெதுவாக்கினாள். வீட்டைத் தாண்டித் தெருக்கோடிவரை போய்த்தான் திரும்பினோம்.

அவளுடைய இரண்டாவது நாவலில் ஒரு குமாஸ்தா வருகிறான். என்னைவிட உயரம். சொல்ல வேண்டியதை அவன் சொல்லிவிடுகிறான்.