மூன்று காலி ஸ்லாட்

பஸ் ஓட்டுகிறவனுக்கு வலது கண் போவது சாதாரணக் காரியமில்லை. எதிரே வருகிறவனும் சரி, முந்துகிறவனும் சரி, வலது பக்கமாகத்தான் வருவான். எனக்கு அந்தக் கண்தான் போனது. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு தனியார் பஸ்ஸைப் பல வருஷம் ஓட்டியவன் நான். உடம்பில் சர்க்கரை இருந்தது. மதிய டிரிப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் வாங்கித் தின்ன பால்கோவாவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து யோசிக்கும் புத்திதான் இல்லை. ஒரு நாள் காலையில் கண்ணுக்குள் மையைக் கொட்டியது போல ஆகிவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகும் வெளிச்சம் எது, இருட்டு எது என்பதற்கு மேல் அந்தக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

இடது கண்ணிலும் அதே கோளாறு ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஊசி போடலாம், லேசர் வைக்கலாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இழுத்துப் பிடிக்கலாம், ஆனால் எத்தனை வருஷம் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். நானும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டோம். அப்புறம் அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவளுக்கு எங்கள் ஊர் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை. என் கண்மேல் கட்டுக்கு ஒட்டியிருந்த காஸ் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, நெசவு லேசாக இருக்கிறது, இது நம்ம ஊர் சரக்கில்லை என்றாள்.

ஹெவி லைசென்ஸ் போயிற்று. முதலாளி நல்ல மனுஷர். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து நேரம் பார்த்து வண்டிகளை அனுப்பும் வேலை தருகிறேன் என்றார். எவனோ ஓட்டப்போகும் வண்டிக்கு நான் விசில் ஊத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்தேன். சோற்றில் உப்பு கூடினாலும் கோபம், குறைந்தாலும் கோபம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்காக ஜெபம் செய்தார்கள் என்று அவள் வந்து சொன்னபோது, அவர்களை யார் கேட்டது என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் குடையை மூலையில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது, கண்ணில் சொட்டு மருந்து விடக் காத்திருந்த வரிசையில் பக்கத்தில் இருந்தவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். ஏர் ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பினேன். திரையில் நம்ம ஊர் பஸ் ஒன்று மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. நிஜப் படமில்லை, கம்ப்யூட்டரில் ஓட்டுகிற விளையாட்டு என்றார். ஓட்டியவன் வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போட்டான். எனக்குக் கால் தானாக நீண்டது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டாமா, மடையன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கண் போனதிலிருந்து எனக்குத் தூரம் பிடிபடுவதில்லை, டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே ஊற்றுகிறேன். ஆனால் அந்தத் திரை தட்டை. அதில் இரண்டு கண் உள்ளவனுக்கும் ஒரு கண்ணில் தெரிவதுதான் தெரியும். அங்கே நானும் எல்லா டிரைவர்களும் ஒன்று.

திரையைப் பார்த்தால் கண் கெடுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அதனால் இந்த நோய் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது, சர்க்கரையைப் பாருங்கள் என்றார். மனைவி எதற்கு என்று கேட்டாள். அந்த பஸ் விளையாட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கண் வைத்தியத்துக்கு என்று ஒதுக்கிய பணத்தைத் தொடாமல், அவள் சீட்டு எடுத்த அறுபதாயிரத்தைத் தருகிறேன், அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. செல்போனில் தமிழில் விளக்கும் பையன்களின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். மூளையான பிராசசர், நினைவகமான ராம், படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு, கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று கணக்குப் போட்டேன். மானிட்டர் வேண்டாம், வீட்டு டிவியே போதும். சீரியல் நேரத்தில் விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தம். கீபோர்டில் பட்டனைத் தட்டி பஸ் ஓட்ட நான் தயாரில்லை, ஆகவே பெடலோடு சேர்ந்த பழைய ஸ்டீயரிங் செட் ஒன்று. படம் கண்ணாடி போல விழ நல்ல கிராபிக்ஸ் கார்டு. இதையெல்லாம் பொருத்துகிற மதர்போர்டு மட்டும் மீதிப் பணத்துக்குள் அடங்குகிற பழைய ரகம். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள்தான் கடைக்காரருக்கு வாடிக்கை. ஒற்றைக் கண்ணோடு ஐம்பது வயசு ஆள் கேமிங் பிசி கேட்டதை அவர் விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, போர்டுக்கு மட்டும் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அண்ணாச்சி, இந்த போர்டுக்கு இனிமே புது பிராசசர் வராது. கொஞ்சம் கூடப் போட்டு இந்தப் புது மாடலை எடுத்தியன்னா, நாலஞ்சு வருஷம் கழிச்சு பிராசசரை மட்டும் மாத்திக்கிடலாம். ராம் சொருகவும் நாலு ஸ்லாட் இருக்கு. இப்ப ஒண்ணு போடுவோம். பொறவு ஒவ்வொண்ணா ஏத்திக்கிடலாம்."

"நாலஞ்சு வருஷக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றேன். "இன்னைக்கு ஓடினாப் போதும்."

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கியது. அதுவரை ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவள், அந்த போர்டு எம்புட்டு கூட என்று அவரைக் கேட்டாள். அவர் சொன்னார். அதையே போடுங்க என்றாள். அதைப் போட்டால் நான் கேட்ட கார்டுக்குக் காசு இருக்காது என்றேன். அப்ப அதில் மட்டமானது போடட்டும் என்றாள். கடையில் வைத்துச் சண்டை போட எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்டீயரிங்கை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் என் கோபம் அடங்கவில்லை. ஏட்டி, உனக்கு போர்டைப் பற்றி என்ன தெரியும், எனக்கு இருக்கிற பார்வைக்கு இப்போது படம் நன்றாகத் தெரிய வேண்டாமா, நாலு வருஷம் கழித்து யாருக்கு வேண்டும் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"டாக்டரம்மா சொன்னதை நானுந்தான் கேட்டேன். அதை மனசுல வச்சு சாமான் வாங்க என்னால ஏலாது."



பொருத்தி முடித்த கேபினெட்டை நான் ஓட்டிய அதே பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்தோம். மட்டமான கார்டு மட்டமான கார்டுதான். தூரத்து மரங்கள் முட்டைக்கோஸ் போலத் தெரிந்தன, கிட்டே போன பிறகுதான் மரமாயின. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது, ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு, என் கைகளுக்கு வேலை தெரிந்தது. வளைவுக்கு முன்னால் கியர் குறைத்தேன். மேடு ஏறினேன். கண்ணீர் வந்துவிட்டது. செத்த கண்ணிலிருந்தும் வந்தது. மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து என் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். பஸ்ஸில் பெண்கள் வரிசையின் முன்சீட் இருக்க வேண்டிய இடம் அது. எனக்குப் பார்வை இருக்கிற பக்கமும் அதுதான்.

எங்கள் வீட்டில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. அவள் சேலையோடு கம்பெனியிலிருந்து வரும் பிசிறு எல்லாம் கேபினெட் காற்றாடியில்தான் போய் அடையும். காற்றாடிக்கு முன்னால் காஸ் துணியை நாலு மடிப்பாகக் கட்டிப் பார்த்தாள். காற்றே போகாமல் சூடேறி மிஷின் நின்றுவிட்டது. அதனால் மாதம் ஒரு தடவை பக்கக் கதவைத் திறந்து பிரஷ்ஷால் தட்டிவிடுவாள். அப்போது அந்த மூன்று காலி ஸ்லாட்டையும் விடாமல் துடைப்பாள். எதுவும் போடாத இடத்தை ஏன் துடைக்கிறாய் என்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை.

போன மாதம் மதுரையில் பரிசோதனை. போன தடவை படித்த எழுத்து வரிசைகளில் இரண்டை இந்தத் தடவை படிக்க முடியவில்லை. டாக்டரம்மா இன்னொரு ஊசி போட்டார், அடுத்த மாதமே வரச் சொன்னார். இழுத்துப் பிடிக்கலாம் என்று முன்பு சொன்னதை அவர் திரும்பச் சொல்லவில்லை. சொல்லாததே போதுமாக இருந்தது.

திரும்பும் பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியது. மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்தக் கடையில் அவள் காதுபட இன்றைக்கு ஓடினால் போதும் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நான் இருட்டில் உட்காரப்போகிறவன், அவள் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காரப்போகிறவள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் எழுந்தேன். டிக்கெட் இராஜபாளையம்வரை எடுத்திருக்கே என்றாள். இறங்கு என்றேன்.

ஊசி போட்ட கண்ணில் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏறினேன். கடைக்காரர் என்ன அண்ணாச்சி, மிஷின் எதுவும் மக்கர் பண்ணுதா என்று கேட்டார். இல்லை, ஒரு ராம் வேண்டும் என்றேன். விலை முன்னைவிட ரொம்ப ஏறிக்கிடக்கே, அவசரமில்லைன்னா இறங்கட்டும் என்றார். பரவாயில்லை, எடுங்கள் என்றேன். என் கை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

எடுத்துக்கொண்டே அவர் கேட்டார், நாலு ஸ்லாட்டில் இதோடு ரெண்டுதானே ஆகுது, மற்ற ரெண்டு?

"அதைப் பொறவு போட்டுக்கிடலாம்" என்றேன்.