டீச்சரின் மறதி

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் பின்னால் தொங்கிக்கொண்டு போய் விழுந்தேன். தலை கல்லில் பட்டது. கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது தலையில் முடி இல்லை. நேற்றுப் படித்தது இன்று இருக்காது. நாலு பேர் சேர்ந்து பேசினால் தலை வெடிக்கும்.

"திருவிழா வரைக்கும் போகட்டும்" என்றார் அப்பா. "மண்டையில ஏறலன்னா நிப்பாட்டிருவோம். வீட்டுல இருந்து தம்பியப் பாத்துக்கட்டும்."

எனக்குப் பள்ளிக்கூடத்தை விட மனமில்லை.

எங்கள் டீச்சரும் எங்களைப்போலத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர்தான். நான் திரும்பி வந்த வாரம் வகுப்பில் பெரட்டு வைக்கத் தொடங்கினார். காலையில் கங்காணி ஆட்களை நிறுத்தி, யாருக்கு எந்தத் தேயிலை நிரை என்று சொல்வாரே, அதுபோல. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும்.

"நேத்து எங்க நெரை விட்டோம்? எனக்கு மறந்துபோச்சு."

"பின்னக் கணக்குல டீச்சர்."

"இன்னைக்கு என்னா வேல?"

அதையும் பலகையில் பெரிதாக எழுதுவார். பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வகுப்பு முழுக்கத் தலை கவிழ்ந்து படுக்க வேண்டும். சத்தம் கூடாது.

"டீச்சர் கங்காணி ஆயிட்டாங்கடா" என்று பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் விழுவதற்கு முன் டீச்சர் எதையும் மறந்ததில்லை. அவருக்கும் எங்கேயோ தலையில் அடிபட்டிருக்கிறது, வெளியே சொல்லவில்லை என்று நினைத்தேன்.

அம்மா தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் வல்லாரை பறித்து எனக்குச் சம்பல் போடுவார். பாதியை சோறு கட்டும் லஞ்ச் சீட்டில் சுற்றி டீச்சரிடம் கொடுத்தேன்.

"மறதிக்கு நல்லது டீச்சர். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

டீச்சர் என் முன்னாலேயே தின்று முடித்தார்.

"கசக்குது புள்ள."

"கசந்தாத்தான் ஏறும்."

அன்றிலிருந்து தினமும் கொண்டுபோனேன்.

திருவிழா நெருங்கியது. ஒருநாள் காலை அப்பா என்னோடு பள்ளிக்கூடம் வந்தார், இடாப்பில் என் பேரை வெட்டச் சொல்ல. ஜன்னலோரம் நின்றார். டீச்சர் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு வழக்கம்போலப் பெரட்டு வைத்தார்.

"நேத்து எங்க விட்டோம்?"

வாயாடிப் பையன்கள்கூட வாய் திறக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு மெதுவாக வந்தது.

"பின்னத்தப் பெருக்குறது டீச்சர். பாதியில மழ வந்துச்சு. தகரக் கூரச் சத்தம் தாங்காம நிப்பாட்டிட்டீங்க."

ஜன்னலைப் பார்த்தேன். அப்பா இல்லை. பேரை வெட்டச் சொல்லாமலே மலைக்கு வேலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்.

எனக்கு டீச்சரை நினைத்துத்தான் கவலை. அவ்வளவு வல்லாரை தின்றும் ஒன்றும் ஏறவில்லையே, பாவம்.