பதினேழு ஒன்றுகள்

பச்சமுத்து அண்ணன் பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். தீ வைத்தபின் சூடு ஏறும்வரை காத்திருப்பதுதான் அவர் வேலையில் பாதி. மற்றவர்கள் சீட்டாடும் அந்த நேரத்தில் இவர் இருபது வருடமாக ஒரே ஓர் எண்ணை வகுத்துக்கொண்டிருந்தார். ஒன்று என்ற இலக்கத்தைப் பதினேழு தடவை வரிசையாக எழுதினால் வருகிற எண் அது.

ஒன்றைத் தவிரச் சின்ன எண் எதற்கும் பதினொன்று மசியாது, மீதி வந்துவிடும். நூற்றுப் பதினொன்று முப்பத்தேழுக்கு மசிந்துவிடும். பதினேழு ஒன்று எதற்கு மசியும், அல்லது எதற்குமே மசியாதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடமாட்டேன் என்பார். அதை வகுக்கிற பகா எண் எதுவானாலும், முப்பத்துநான்கின் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்குமாம். அப்படிப்பட்ட எண்களில் மூன்று, ஐந்து, ஏழுக்கு மசிகிறவை போக ஒரு நாளைக்கு ஆறு. மீதியை நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார். வெட்டி வேலை என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

2006-இல் பாலக்கரையில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஒரு நாள் காலை நோட்டுக் கட்டோடு வந்து உட்கார்ந்தார்.

“முப்பத்திரண்டு லட்சம் வரைக்கும் வந்துட்டேன் தம்பி. விடைய சொல்லாத. இனிமேதான் வரப்போவுதா, இல்ல நான் தாண்டி வந்துட்டனான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

“தாண்டியிருந்தா?”

“எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்னு அர்த்தம். அதுக்கப்புறம் போட்டதெல்லாம் வீண்.”

எண்ணை அடித்தேன். டீ ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது. பாவி மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

“தாண்டிட்டீங்கண்ணே. 2071723.”

கட்டைப் பிரித்தார். பழைய நோட்டு ஒன்றில் அந்த எண் இருந்தது. மீதி எழுத வேண்டிய இடம் காலி. கையெழுத்து அவருடையதல்ல.

“தனக்கோடி போட்டது” என்றார். 1999-இல் இவர் மஞ்சள் காமாலையில் படுத்த பதினோரு நாளும், கணக்கு நின்றுபோகக் கூடாதென்று அவர் மனைவிதான் வகுத்துக் கொடுத்தாராம். “இத வுட்டுட்டாளேன்னு அப்பவே பாத்தேன். எனக்குப் பத்தியமும் ஆக்கிப் போட்டு, கணக்கும் போட்டவள எப்புடிக் கேக்கறது? இந்த ஒண்ணுலயா இருக்கப் போவுதுன்னு நானும் வுட்டுட்டேன்.”

ஏழு வருடம். அத்தனையும் வீண். தனியே அனுப்ப மனமில்லாமல் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

தனக்கோடி அக்கா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் நோட்டை நீட்டினார். “இந்த ஒண்ண ஏன் வுட்ட?”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “எங்க வுட்டேன்? போட்டேனே. மீதி எதுவும் வரல. மீதிய மட்டும் எழுதுன்னு நீங்கதான சொன்னீங்க.”

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல” என்றார் அக்கா.

அண்ணன் என் பேனாவை வாங்கினார். காலியிடத்தில் பூஜ்யம் போட்டார். பக்கத்தில், “கண்டுபிடித்தவர் தனக்கோடி, 1999” என்று எழுதினார்.