பங்கர்க் கூரையில் மோர்மிளகாய்

எங்கள் அம்மாவுக்கு வெயில் வீணாகப் போனால் பொறுக்காது. பெல்ஜியம் எல்லைக்குக் கிட்டே, பாதி வருடம் மழை தூறும் ஜெர்மன் ஊரில் இருந்துகொண்டு அப்படி ஒரு குணம். எனக்கு ஒன்பது வயதான கோடையில் சேர்ந்தாற்போல் நாலு நாள் வெயில் எறித்தது. அம்மா உடனே இரண்டு கிலோ பச்சை மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட தயிரில் ஊறவைத்துவிட்டார். காயவைக்கத்தான் இடமில்லை. வீட்டுக்குப் பல்கனி கிடையாது. முற்றத்தில் ஒரு கைக்குட்டையைக் காயப் போட்டாலும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் வந்து நிற்பார்.

ஊருக்கு வெளியே புல்வெளிகளின் நடுவில், பழைய யுத்தத்தில் எதிரியின் டாங்கிகளை மறிக்க நட்ட கொங்கிரீட் பற்கள் வரிசையாக நிற்கும். மாடுகள் அவற்றில் முதுகு சொறியும். வரிசை முடியும் இடத்தில், சிப்பாய்கள் பதுங்கியிருக்கக் கட்டி, பாதி மண்ணுக்குள் போன ஒரு பங்கர். அதன் தட்டையான கூரை நன்றாகச் சுடும். அம்மா அதில் அப்பா கட்டிப் பழசான சாரத்தை விரித்து, மிளகாயைப் பரப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காகம் கலைப்பது என் வேலை.

மத்தியானம் நாயோடு ஒரு வயதானவர் வந்தார். இது நினைவுச் சின்னம், எடுக்காவிட்டால் பொலிஸைக் கூப்பிடுவேன் என்றார். எங்கள் விசாவை நீடிக்கப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. பொலிஸில் பெயர் பதிந்தால் எல்லாம் போச்சு என்று அப்பா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"எடுக்கட்டாம். இல்லாட்டி பொலிஸாம்."

"ஏலாது எண்டு சொல்லு. சண்டைக்குக் கட்டினது, ஒருக்காலாவது நல்ல வேலைக்கு உதவட்டும் எண்டும் சொல்லு."

அம்மா மன்னிப்புக் கேட்கிறார், இப்போதே போய்விடுவோம் என்று நான் ஜெர்மனில் சொன்னேன். வயதானவர் தலையாட்டிவிட்டு, நாங்கள் எழும்பட்டும் என்று காத்து நின்றார். அம்மா அசையவில்லை. இருவரும் என்னையே பார்த்தார்கள். அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூன்று விரலைத் தூக்கிக் காட்டி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் நேராகவே சொன்னார்: "இல்லை. மூன்று நாள். வெயில்."

வயதானவர் முறைத்தார். பிறகு நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"எனக்காக நீ ஒருத்தரிட்டையும் மன்னிப்புக் கேக்கக் கூடாது, விளங்கிச்சோ?" என்றார் அம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொலிஸ் கண்ணில் படாமலாவது இருப்போம் என்று, "பங்கருக்குள்ளை வந்து இருங்கோ அம்மா, ஆருக்கும் தெரியாது" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா கையை உதறினார்.

"உள்ளுக்கை மட்டும் என்னைக் கூப்பிடாதை பிள்ளை."

மூன்று நாளும் அம்மா அந்தக் கூரை மேலேயே இருந்தார். பொலிஸ் வரவேயில்லை. நான் பிறக்குமுன் யாழ்ப்பாணத்தில், குண்டு போட விமானங்கள் வந்த மாதங்களில், அம்மா எத்தனை பகலைப் பங்கருக்குள் குந்தியிருந்து கழித்தார் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு கிலோ மிளகாய்க்கு இவ்வளவு பிடிவாதமா என்று கோபித்துக்கொண்டு, அந்த மூன்று நாளும் நான் அவரோடு பேசாமல் இருந்தேன்.