ஸ்கூட்டரில் ஏறினால் வேறு ஆள்

நல்ல டாக்டர் ஒருவர் மருந்து குடித்துக் கொடியவனாக மாறும் பழைய ஆங்கிலக் குறுநாவலை அண்மையில் படித்தேன். பாதியிலேயே எரிச்சல் வந்துவிட்டது. என் கணவருக்கு மருந்துகூட வேண்டாம், ஸ்கூட்டரில் ஏறினாலே போதும்.

அவர் பள்ளி ஆசிரியர். சர்ச் பாடகர் குழுவில் அதிர்ந்து பேசாதவர் என்று பெயர். சாலையில் மட்டும் அவர் வாயில் வராத வசை கிடையாது. கேட்டால், "வண்டிய விட்டு இறங்கினா சரியாயிடுறேன்ல?" என்பார். கதையில் அந்த டாக்டரும், நினைத்தபோது பழையபடி மாறிவிடலாம் என்றுதான் நம்புகிறார்.

போன வாரம் தேனாம்பேட்டை சிக்னலில் ஓர் ஆட்டோ எங்களை உரசுவதுபோல முந்தியது. நான் கத்தக் கத்த, இவர் அதைத் துரத்தி, பேருந்துக்கும் நடுத்தடுப்புக்கும் இடையில் வண்டியை நுழைத்தார். பேருந்து ஓட்டுநர் பிரேக் போட்டதால் பிழைத்தோம். என் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. ஆட்டோக்காரரே வண்டியை நிறுத்தி ஓடிவந்து, "இன்னா சார், பின்னால அம்மா குந்திகினு கீறாங்க, தெரியல?" என்றார். இவர் அவரையும் திட்டினார்.

வீட்டு வாசலில் இறங்கியதும், "கை வலிக்குதாம்மா?" என்று கனிவாகக் கேட்டார். அந்தக் கனிவைக் கண்டுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அவர் பின்னால் உட்கார்ந்து, "ஹாரன் அடி, அவன விடாத" என்று காதருகே கத்துகிறார். கத்தட்டும். ஆக்சிலரேட்டர் என் கையில் இருக்கிறது.