நான்கு பாட்டிலும் ஒரு முட்டையும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு, மழைக்காலம் தொடங்கிய முதல் வாரத்தில், அவள் அவரை முதன்முதலாகச் சந்தித்தாள். சந்தித்தாள் என்பதைவிட, அவர் அவள்மீது புகார் சொல்ல வந்தார் என்பதே சரி. அவள் அப்போது ஒரு பொது மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்தாள். எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்று அட்டையில் எழுதித் தாழ்வாரத்தில் மாட்டுவது அவளுடைய வேலைகளுள் ஒன்று. அப்படி மாட்டிய அட்டை ஒன்றில், 'பீரில் ஊட்டச்சத்து ஏதும் இல்லை' என்று எழுதியிருந்தாள். நீர் சொட்டும் குடையும் துணிப்பையுமாக ஒருவர் அதன் முன்னே நின்று, சக்கர நாற்காலிகளுக்குக்கூட வழிவிடாமல், அந்த ஒரு வரியை நான்கு முறை படித்தார்.

"இதை எழுதினது யாருங்க?"

"நான்தான். என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாங்க. தப்பா இருக்கு. ஏதும் இல்லைன்னு போட்டிருக்கீங்க. இருக்கு."

"பீர் உடம்புக்கு நல்லதுன்னு ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்றீங்களா?"

"ஐயய்யோ, நல்லதுன்னு யாருங்க சொன்னா? இருக்குன்னுதான் சொன்னேன். கொஞ்சம் இருக்கு."

சான்று காட்டுவதற்காகத் துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை அவர் வெளியே எடுத்தார். வாயிற்காவலர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டிலின் மூடி திறக்கப்படவில்லை என்பதையும், பிடிபட்டவர் பீர் ஆலையின் ஆய்வகத்தில் பணிபுரிகிறவர் என்பதையும், அதை அவர் குடிப்பதற்கு அன்று, படித்துக் காட்டுவதற்கே கொண்டுவந்தார் என்பதையும் விளக்கி அவரை மீட்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தொல்லை ஒழியட்டும் என்று 'ஏதும் இல்லை' என்பதை அழித்து, 'மிகச் சொற்பம்' என்று எழுதினாள். அடுத்த வாரம் அவர் மறுபடியும் வந்தார். "சொற்பம்னா எவ்வளவுங்க?" மூன்றாம் வாரம், அவர் சொல்லச் சொல்ல, நூறு மில்லிலிட்டருக்கு அரை கிராம் புரதம், மூன்றரை கிராம் மாவுச்சத்து, பி வகை வைட்டமின்கள் சிறிதளவு, கொழுப்பு இல்லை, இவை அனைத்தையும் கெடுப்பதற்கென்று ஐந்து விழுக்காடு ஆல்கஹால் என எழுதி முடித்தாள். நான்காம் வாரமும் வந்தார். அட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்று மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அவளுக்கும் ஏனோ வருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த கோடையில் திருமணம் நடந்தது.

ஆலைக் குடியிருப்பில் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. மூன்று அறைகள், கிழக்கே பெரிய சன்னல், மதிற்சுவரைத் தாண்டினால் பள்ளிக்கூடம். அந்த வீட்டில்தான் மகள் பிறந்தாள், அந்தப் பள்ளியில்தான் படித்தாள். ஆலையில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முன்னால் 'சார்' என்பார்கள், பின்னால் 'அளவுக்காரர்' என்பார்கள். சனிக்கிழமை மாலைகளில் அவர் ஒரு குவளை பீர் அருந்துவார். இருநூற்றைம்பது மில்லிலிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. அளவுகோடுகள் உள்ள கண்ணாடி உருளையை மேசையின்மேல் வைத்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து, தரையில் குந்தி, திரவத்தின் விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பார்த்து அளப்பார்.

"நுரை அடங்குறதுக்குள்ள எனக்குத் தாகமே அடங்கிடுது மாப்பிள்ளை" என்பார் அவளுடைய அண்ணன். அவர் அதே ஆலையின் விற்பனை மேலாளர். சனிக்கிழமைதோறும் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவார்.

"மச்சான், மிதமா குடிங்கன்னு வெறுமனே சொன்னா, ஒவ்வொருத்தனுக்கும் அவன் குடிக்கிறதுதான் மிதம். அதனாலதான் அளக்கிறேன்."

"அளந்து குடிக்க இதென்ன இருமல் மருந்தா?"

இப்படியே பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன.

மகள் பள்ளியிறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டில், ஆலையில் விற்பனை படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்த அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். பாட்டிலின் லேபிளில், 'ஒரு பாட்டில், ஒரு வேளைச் சாப்பாடு. போஷாக்கு நிறைந்தது' என்று அச்சிட வேண்டும். முதலாளிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால், ஆலையில் ஒரு நடைமுறை உண்டு: ஆய்வகத் தலைவரின் கையெழுத்தும் வட்ட முத்திரையும் இல்லாமல் எந்த லேபிளும் அச்சுக்குப் போகாது. அந்தக் கையெழுத்து அளவுக்காரருடையது.

அவர் மறுத்துவிட்டார். மூன்றாம் நாள் முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. ஒத்துழைக்காதவர்களுக்கு ஆலைக் குடியிருப்பில் இடமில்லை. திங்கட்கிழமைக்குள் கையெழுத்து, இல்லையேல் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

தேர்வுக்கு இரண்டு மாதங்கள்கூட இல்லை. அண்ணன் மேசையைத் தட்டிக்கொண்டு பேசினார்.

"ஒரு கையெழுத்து மாப்பிள்ளை! சொத்தையா எழுதிக் கேக்குறேன்?"

"சாப்பாடு இல்லையே மச்சான் அது."

"சாப்பாடு மாதிரின்னு வெச்சுக்குங்களேன்!"

"மாதிரியும் இல்லையே."

"என்னங்க, பொண்ணு படிப்பைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க" என்றாள் அவள்.

"நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு முட்டையில எவ்வளவு புரதம் இருக்கும்?"

அவள் கோபத்தில் இருந்தாள். கையில் கரண்டி இருந்தது. "ஆறு கிராமுக்கு மேல" என்று மருத்துவமனைப் பட்டியலில் இருந்ததை நினைவிலிருந்து சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு பாட்டிலில் முந்நூற்று முப்பது மில்லிலிட்டர். புரதம் ஒன்றரை கிராமுக்குச் சற்றே அதிகம். பிறகு தம் ஆட்சேபத்தை எழுதினார்: 'இது ஒரு வேளைச் சாப்பாடு அன்று. ஒரு முட்டையில் உள்ள புரதத்தைப் பெற நான்கு பாட்டில் தேவை. முட்டை வாங்குவது எளிது. இதனை மிதமாகவே அருந்துக.' அதன் கீழே கையெழுத்திட்டார். எதில் கையெழுத்திட்டாலும் முத்திரையும் குத்துவது அவர் வழக்கம், குத்தினார். ஆய்வகத்தில் லேபிள் ஒப்புதல் தாளைத் தவிர வேறு தாள் வாங்கிவைக்கும் பழக்கம் இல்லை. ஆகவே, ஆட்சேபத்தையும் அந்தத் தாளில்தான் எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை அதை முதலாளியின் மேசைக்கு அனுப்பச் சொல்லிக் கடைநிலை ஊழியரிடம் கொடுத்தார். ஒப்புதல் தாள் எங்கே போகும் என்பது அந்த ஊழியருக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும். அவர் அதை அச்சகத்தில் சேர்த்தார்.

அச்சக மேற்பார்வையாளர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. நமக்கென்னப்பா, ஓட்டு" என்றார். நாற்பதாயிரம் லேபிள்கள் ஓடின. அளவுக்காரரின் கையெழுத்தும் சேர்ந்தே ஓடியது.

அச்சு ஓடுவதைக் கேட்டு, மாப்பிள்ளை இறங்கிவந்துவிட்டார் என்று நம்பியிருந்த அண்ணன், பாட்டில்கள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதைப் படித்தார். படித்தவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலாளி குடியிருப்புப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, வீட்டுப் பூட்டை மாற்றும் நாளைக் குறிக்கச் சொன்னார். ஆனால், அந்த நாள் வருவதற்குள் நாற்பதாயிரம் பாட்டில்களில் பாதிக்கு மேல் விற்றுத் தீர்ந்தன. தன்னை வாங்க வேண்டாம் என்று தானே சொல்லும் பொருளை மக்கள் அதற்கு முன் கண்டதில்லை. ஒருவர் வாங்கி மற்றவருக்குப் படித்துக்காட்டினார். மற்றவர் தாமும் ஒன்று வாங்கினார். முட்டை விற்பவர் ஒருவர் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மதுக்கடை வாசலிலேயே நிறுத்திக்கொண்டார்.

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான்கு குழிகள் கொண்ட அட்டைப்பெட்டி ஒன்றைச் செய்வித்து, மீதியிருந்த பாட்டில்களை நான்கு நான்காக அடுக்கி, மேலே 'முழுசாக ஒரு முட்டை' என்று அச்சிட்டார். பெட்டிகள் பறந்தன.

எதிர்வீட்டுத் தையல்காரரின் கையில் இரண்டு பெட்டிகளைக் கண்டபோதுதான் அளவுக்காரருக்கு விஷயம் உறைத்தது.

"என்னங்க இது, எட்டு பாட்டில்?"

"எனக்கு முட்டை ஒத்துக்காதுங்க. டாக்டர் வேணாம்னுட்டாரு. அதான் இப்படி. வீட்டுக்காரிக்கும் சேர்த்து ரெண்டு முட்டை."

"எத்தனை நாளைக்கு?"

"ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தாங்க. உங்க கையெழுத்துப் போட்டிருக்கே, நம்பித்தான் வாங்குறோம்."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள், பெட்டியோடு சேர்த்து இரண்டாம் அச்சுக்கு ஒப்புதல் கேட்டுத் தாள் வந்தது. இம்முறை லேபிளில் இருந்தவை முழுக்க முழுக்க அவர் எழுதிய சொற்கள்தாம். கையெழுத்திட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"நீங்க எழுதினதுலயே நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்களா?" அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "உலகத்துல இப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லை. ஏம்மா, எங்க பிடிச்ச இவரை?"

"ஆஸ்பத்திரியிலண்ணே."

"அங்கயே படுக்க வெச்சிருக்கலாம்!"

பூட்டு மாற்றும் நாள் மறுபடியும் குறிக்கப்பட்டது. ஆனாலும், தங்கையின் முகத்துக்காக அண்ணன் முதலாளியிடம் போய்க் கெஞ்சினார். விற்பனை பெருகிய மகிழ்ச்சியில் முதலாளி சற்று இளகினார். அளவுக்காரர் கையெழுத்திட வேண்டாம். அவருடைய வேலைக்குப் புதிதாக ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். நாற்பதாயிரம் பாட்டிலை விற்றுக்கொடுத்தவர் என்பதற்காக அவர் ஒரே ஒரு பொருள் கேட்கலாம், அது கொடுக்கப்படும். இரண்டாவது என்று வாயைத் திறக்கக் கூடாது.

"வீடுன்னு சொன்னாப் போதும். ஒரே ஒரு வார்த்தை" என்றார் அண்ணன்.

காலை உணவின்போது தாயும் மகளும் அவரை எதிரே உட்காரவைத்துப் பழக்கினார்கள்.

"அப்பா, முதலாளி என்ன வேணும்னு கேப்பாரு. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"எத்தனை மாசத்துக்குன்னு..."

"அப்பா! வீடு. அவ்வளவுதான்."

"வீடு" என்றார் அவர், பாடம் ஒப்பிப்பதைப் போல.

அவர் அதைச் சொல்லியிருப்பார். அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நிச்சயமாகச் சொல்லியிருப்பார். நடந்தது வேறு. முந்தைய நாள், அவள் இன்னமும் வேலைபார்த்துவந்த மருத்துவமனையின் சமையற்கூடத்துக்கு வந்த முட்டைகள் கண்ணுக்குச் சிறியனவாகத் தெரியவே, அவள் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தாள். ஓட்டோடு நாற்பது கிராம். இன்னொன்றை வைத்தாள், அதுவும் அவ்வளவே. அவளுடைய பட்டியலில் இருந்ததோ பெரிய முட்டை. கடைகளில் விற்கும் முட்டையில் ஆறு கிராம் புரதம் எங்கிருந்து வரும்? நாலரையைத் தாண்டாது. ஆகவே, நான்கு பாட்டில் என்பது பிழை. அந்தப் பிழை அவளுடையது. சொன்னால் அவர் அந்த ஒரே கோரிக்கையை அதற்கே செலவிடுவார், வீடு போகும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இரவெல்லாம் சொல்லாமல் இருந்தாள், காலையிலும் சொல்லவில்லை. முதலாளியின் அறைக்கு வெளியே இருந்த மரப்பலகையில் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தபோது, அவர் உதடுகள் 'வீடு, வீடு' என்று ஒத்திகை பார்ப்பதைக் கண்டதும், அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்னங்க, முட்டை சின்னது."

"எந்த முட்டை?"

"எல்லா முட்டையும். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நாலு பாட்டில் இல்லை. மூணுக்கும் கொஞ்சம் கீழ."

அவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"பீருக்கு அநியாயம் பண்ணிட்டோம்" என்றார்.

"என் மேல கோவமா?"

"கோவமா? எடை போட்டுப் பாத்தியே. வேற யாரு பாத்தா?"

கதவு திறந்தது. அண்ணன் தலையை நீட்டி, ஒரு விரலைக் காட்டி, "ஒரே வார்த்தை" என்று வாயசைத்தார்.

முதலாளியின் மேசை நடுவே அந்த அட்டைப்பெட்டி இருந்தது. நான்கு குழிகளிலும் நான்கு பாட்டில்கள். அவர் அதைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அந்த நொடியிலேயே கிழக்குச் சன்னலையும் மதிற்சுவரையும் அவள் மனத்துக்குள் மூட்டைகட்டத் தொடங்கிவிட்டாள். பிறகு சந்தைக்குப் பின்புறம் இரண்டறை வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். மகள் தேர்வுக்குப் பேருந்தில் போய்வந்து தேறவும் செய்தாள். அவருக்கு ஒரு பால்பண்ணை ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அங்கே பாலைப் பற்றி யாரும் மிகைப்படுத்திப் பேசாததால் அவர் நிம்மதியாகவே இருந்தார். அந்த ஆலையிடம் அவர் கடைசியாகக் கேட்டது அன்று கேட்டதுதான்.

"சொல்லுங்க சார், என்ன வேணும்?" என்றார் முதலாளி.

அண்ணன் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார்.

"நாலு பாட்டில்னு போட்டது தப்புங்க, முட்டை வேணும்கிறவங்க முட்டையே சாப்பிடட்டும். இந்தப் பெட்டியில ஒரு குழியில மட்டும் பாட்டில் வைங்க. மீதி மூணு குழியிலயும் முட்டை வைக்கணும். முட்டை சின்னதுதான், ஆடும். அடியில கொஞ்சம் வைக்கோல் போட்டுக்கலாம்."